ஒன்று என்றால் பாலர் வகுப்புக்கு மட்டும்

நெரிஸா டீச்சர் கரும்பலகையில் பெரிதாக 1 என்று எழுதிவிட்டுத் திரும்பினாள்.

"புயல் எச்சரிக்கை ஒன்னுன்னா என்ன அர்த்தம்?"

நாலாம் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கத்தியது. "பாலர் வகுப்புக்கு லீவு!"

"ரெண்டு?"

"நமக்கு லீவு!"

"மூனு?"

"விராக் டவுன் காலேஜுக்கும் லீவு!"

நெரிஸா சாக்பீஸைக் கீழே வைத்தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து இந்தப் பாடத்தை எடுப்பது இது ஐந்தாவது முறை. முதல் முறை படம் வரைந்து காட்டினாள். இரண்டாம் முறை, காகிதத்தில் வீடுகள் செய்து மேசை விசிறியின் முன்னால் அடுக்கிவைத்தாள். அது பெரிய தவறாகப் போயிற்று. விசிறியிலும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொத்தான்கள் இருந்தன. "மூனுல வைங்க டீச்சர், மூனுல வைங்க!" என்று பிள்ளைகள் மேசைமேல் ஏறிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். காகித வீடுகள் பறந்தபோது கைதட்டினார்கள். அன்றைக்கு ராத்திரி, குற்றம் பிள்ளைகள் மேலா தன் மேலா என்று வெகுநேரம் யோசித்துவிட்டுத் தன் மேல்தான் என்று முடிவு செய்தாள்.

"இங்க பாருங்க. இந்த நம்பர் காத்துக்கு மட்டும்தான். காத்து எவ்வளவு வேகமா அடிக்கும்னு சொல்றதுக்கு. மழைக்கு நம்பர் கிடையாது. ஆத்துக்கு நம்பர் கிடையாது. நம்பர் ஒன்னா இருக்கும்போதும் ஆறு பொங்கி வரலாம். வீட்டை அடிச்சிட்டுப் போகலாம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!"

கடைசி வரிசையிலிருந்து ஜன்ரே கை தூக்கினான். "டீச்சர், ஆத்துக்கு நம்பரே இல்லன்னா, அது பாலர் வகுப்பா?"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நெரிஸாவுக்கும் சிரிப்பு எட்டிப் பார்த்தது. அதற்குள் ஜன்னல் பக்கம் ஒரு காலி இடத்தில் அவள் கண் போயிற்று. சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அங்கே ரிஸேல் என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் புயல் எச்சரிக்கை வந்தது, அன்றைக்கும் ஒன்றாம் எண்தான். பள்ளி வாசலில் நின்றுகொண்டு, வந்த பெற்றோரிடமெல்லாம் நெரிஸாவே சொன்னாள்: "ஒன்னு தானே, பாலர் வகுப்புக்கு மட்டும்தான் லீவு. நாலாம் வகுப்பு உண்டு." மத்தியானம் மலையிலிருந்து ஆறு இறங்கி வந்தது. முகத்துவாரத்தில் முதல் வீடு ரிஸேலுடையது. அவள் வகுப்பில் இருந்ததால் பிழைத்தாள். பன்றியை அவிழ்த்துவரப் போன அவள் அப்பா மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தார். ரிஸேலை இப்போது லெகாஸ்பி நகரத்தில் அத்தை வளர்க்கிறாள். ஊரில் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. "ஒன்னுக்கு இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்கள், அவ்வளவுதான்.

முகத்துவாரத்தில் இப்போதும் எட்டு வீடுகள் இருக்கின்றன. ஒன்றாம் எண் அன்றைக்கு அந்த எட்டு வீட்டுக்காரர்களும் மேட்டிலிருக்கும் பள்ளிக்கு வர வேண்டும். நெரிஸாவுக்கு வேண்டியது இது ஒன்றுதான். பெரியவர்கள் கேட்கவில்லை, அதனால் பிள்ளைகள் வழியாகப் போய்ப் பார்ப்போம் என்று நினைத்தாள். பிள்ளைகளோ லீவுப் பட்டியலைத் தாண்டி நகர மாட்டேன் என்கிறார்கள்.

அந்த எட்டில் ஒன்று இசித்ரோவின் வீடு. அவர் மகள் கிரிஸ்லின் நாலாம் வகுப்பில் இரண்டாம் வரிசை. கேள்வி கேட்க மாட்டாள், பதிலும் சொல்ல மாட்டாள். சென்ற மாதம் நெரிஸா அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசினாள். இசித்ரோ சண்டைச் சேவலை மடியில் வைத்து அதன் காலை நீவிக்கொண்டே கேட்டார்.

"டீச்சர், ரேடியோவுல மூனுன்னு சொல்லட்டும். முதல் ஆளா நான் பாயைச் சுருட்டறேன். ஒன்னுக்கெல்லாம் ஓடுனா இந்தச் சேவலே என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

"அண்ணே, நம்பர் காத்துக்கு மட்டும்தான்..."

"தெரியும் டீச்சர், பொண்ணு வந்து சொன்னா. நீங்க படிச்சவங்க, சொல்லத்தான் செய்வீங்க. காப்பி குடிங்க."

காப்பி குடித்துவிட்டு வந்தாள்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை ஒன்றாம் எண் ஏற்றினார்கள். விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. காற்று இல்லை. தென்னை ஓலைகள் அசையாமல் நனைந்துகொண்டிருந்தன. மலை இருந்த இடமே தெரியவில்லை, ஒரே கறுப்பு. நெரிஸா ஐந்தரை மணிக்குப் பெற்றோர் குழுவுக்குச் செய்தி எழுதினாள். மூன்று முறை அழித்து எழுதினாள். கடைசியில் அனுப்பியது இது: "எச்சரிக்கை எண் ஒன்று. ஆனால் மலையில் கனமழை. ஆற்றோரம் இருப்பவர்கள் உடனே பள்ளிக்கு வந்துவிடுங்கள்."

இரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு அம்மா பதில் எழுதினாள்: "ஒன்று என்றால் பாலர் வகுப்புக்கு மட்டும்தானே லீவு டீச்சர்?"

நெரிஸா போனைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஜிப் கையோடு வந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு, பத்தொன்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது வெளியே பேச்சுக் குரல்கள் கேட்டன. எட்டிப் பார்த்தாள். முகத்துவாரத்து எட்டுக் குடும்பமும் வரிசையாக வந்துகொண்டிருந்தது. பாய்கள், அரிசி மூட்டை, துணி கட்டிய பிளாஸ்டிக் வாளிகள். முன்னால் இசித்ரோ, சட்டைக்குள் சேவல், கழுத்து மட்டும் வெளியே.

"வந்துட்டோம் டீச்சர். எந்த ரூம்?"

நெரிஸா வராந்தாவுக்கு ஓடிவந்தாள். "என் பேச்சைக் கேட்டு வந்துட்டீங்களே அண்ணே!"

"மூனுன்னு சொன்ன பிறகு வராம இருப்போமா?"

"யார் சொன்னா மூனுன்னு?"

"நீங்கதான். நீங்க அனுப்பினதைக் கிரிஸ்லின் படிச்சுக் காட்டினா. எனக்குத்தான் கண்ணாடி இல்லாம சின்ன எழுத்து தெரியாதே. எங்க பக்கம் போன் என்கிட்ட மட்டும்தானே, நான் சொன்னேன், இவங்கல்லாம் கெளம்பிட்டாங்க."

கிரிஸ்லின் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெரிஸா அவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனாள்.

"நான் அனுப்பினதுல என்ன நம்பர் இருந்துச்சு?"

"ஒன்னு."

"நீ என்ன படிச்ச?"

"மூனு."

"ஏன்?"

கிரிஸ்லின் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "ஒன்னுன்னு படிச்சா வர மாட்டாங்க டீச்சர். நீங்கதான் வரணும்னு எழுதியிருந்தீங்க."

திட்ட வேண்டும். பொய் சொல்லக் கூடாது என்று சொல்ல வேண்டும். ஐந்து முறை நடத்திய பாடத்தில் வகுப்பிலேயே ஒருத்திக்குத்தான் புரிந்திருக்கிறது. அவளும் அதை வைத்துக்கொண்டு இந்த வேலை செய்திருக்கிறாள். "போய்த் தலையைத் துவட்டு," என்றாள்.

பதினொன்றரைக்கு ஊர்த் தலைவர் கேப்டன் அர்செனியோ மழைக்கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தார்.

"என்ன டீச்சர் இது? ஒன்னுக்குப் போய் எட்டுக் குடும்பத்தைக் கூட்டி வச்சிருக்கீங்க? மத்தியானச் சாப்பாடு யார் போடறது? மேல இருந்து கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

வராந்தாவில் உட்கார்ந்திருந்த இசித்ரோவின் காதில் அது விழுந்துவிட்டது. "ஒன்னா? கேப்டன், ஒன்னுன்னா சொன்னீங்க?"

ஒரே நிமிடத்தில் பாய்கள் சுருள ஆரம்பித்தன. "காத்தே இல்ல, நான் அப்பவே நினைச்சேன்," என்றாள் ஒருத்தி. "அடுப்புல சோத்தை அப்படியே விட்டுட்டு வந்தேன்." இசித்ரோ சேவலை மறுபடி சட்டைக்குள் திணித்துக்கொண்டார். "பன்னி பசியில கத்திக்கிட்டிருக்கும். வர்றேன் டீச்சர். ஏய் கிரிஸ்லின், வா, வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு."

பன்றி என்ற சொல்லைக் கேட்டதும் நெரிஸாவுக்கு ரிஸேலின் அப்பா ஞாபகம் வந்தது. நம்பர் காற்றுக்கு மட்டும்தான் என்று மறுபடி ஆரம்பிக்கலாம். ஆறாவது முறை. முதல் வாக்கியம் முடிவதற்குள் அவர்கள் பள்ளி வாசலைத் தாண்டியிருப்பார்கள்.

"அது ராத்திரி சொன்னது அண்ணே," என்றாள். "இப்போ மூனு ஏத்திட்டாங்க."

கேப்டன் வாயைத் திறந்தார். நெரிஸா அவரைப் பார்த்தாள். ரிஸேலின் அப்பாவைத் தூக்கி வந்த நாலு பேரில் அவரும் ஒருவர். வாயை மூடிக்கொண்டார். பிறகு, "ஆமா. மூனுதான்," என்றார், யாருக்கோ பதில் சொல்வது போல.

"மூனுங்கறீங்க, காத்தே இல்லையே டீச்சர்?" என்றார் இசித்ரோ.

"வரும்."

அதைச் சொல்லும்போது அவளுக்கு நாக்குக் கூசியது. காற்றுக்கும் நம்பருக்கும் என்ன சம்பந்தம் என்பதை இந்த மனிதர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். அவள்தான் இப்போது அதைக் குழப்புகிறாள். இசித்ரோ வானத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சேவலை வெளியே எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டினார். பாய்கள் விரிந்தன.

இரண்டு இருபதுக்கு ஆறு வந்தது. லாரியிலிருந்து கருங்கல் கொட்டுவது போல ஒரு சத்தம், நிற்காமல். வராந்தாவில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். முகத்துவாரத்தில் நாலு வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன. இசித்ரோவின் வீட்டில் சமையலறையும் பன்றிக் கொட்டகையும் போயின, பன்றியோடு. ஆட்கள் எட்டுக் குடும்பத்திலும் முழுசாக இருந்தார்கள். நெரிஸா இரண்டு முறை தலை எண்ணினாள்.

சாயங்காலம் ஜன்ரேயின் அம்மா பெரிய பானையில் இஞ்சிக் கஞ்சி கொண்டுவந்தாள். கஞ்சி குடிக்கக் குடிக்க அழுதவர்களுக்கும் பேச்சு வந்தது.

"மூனாம் நம்பர்னா சும்மாவா? பார்த்தீங்கல்ல!"

"அதான். மூனுன்னா யோசிக்கவே கூடாது, கெளம்பிடணும்."

"நல்லவேளை, ஒன்னுல நிறுத்தாம மூனு ஏத்துனாங்க."

நெரிஸா கரண்டியைக் கீழே வைத்தாள். இதை இப்படியே விட்டால் அடுத்த மழைக்கு இவர்கள் மூன்று வரும்வரை உட்கார்ந்திருப்பார்கள். இன்றைக்குக் காப்பாற்றியதே நாளைக்கு ஆளைக் கொல்லும். எழுந்து நின்றாள்.

"இன்னைக்கு மூனு இல்ல. ஒன்னுதான். இப்பவும் ஒன்னுதான். நான் பொய் சொன்னேன்."

யாரோ சிரித்தார்கள். "போங்க டீச்சர். ஒன்னுக்கு என் வீடு போகுமா?"

"போச்சே! அதைத்தானே ரெண்டு வருஷமா தொண்டை கிழியக் கத்திக்கிட்டிருக்கேன்!" அவள் குரல் உடைந்து கீச்சென்று வந்தது. பிள்ளைகள் கஞ்சி குடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கேப்டன் தரையைப் பார்த்தபடி, "ஒன்னுதான்," என்றார்.

கிரிஸ்லின் எழுந்து, "முதல்ல நான்தான் பொய் சொன்னேன்ப்பா," என்றாள்.

இசித்ரோ மகளை அடிக்கவில்லை. கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு நெரிஸாவிடம் திரும்பினார். "அடுத்த தடவை நீங்க மூனுன்னா நான் நம்ப மாட்டேன் டீச்சர்."

"நம்ப வேண்டாம். ஆத்தைப் பாருங்க."

"ஆத்துல எதைப் பார்க்கறது? அதுக்கு நம்பர் இல்லன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? தினம் மழை பெய்யற ஊர்ல, எந்த மழைக்கு ஓடறது, எந்த மழைக்கு உட்கார்றது? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

ஐந்து முறை பாடம் எடுத்தவளுக்கு இந்தக் கேள்வி ஒரு முறையும் தோன்றவில்லை.

கேப்டன் தொண்டையைச் செருமினார். "பாலத்துக்கு மேற்கால துணி துவைக்கிற படி இருக்குல்ல. இன்னைக்குப் பதினோரு மணிக்கே கீழ இருந்து மூனு படி முங்கிடுச்சு. வரும்போது பார்த்தேன். அன்னைக்கும், அந்தப் பொண்ணோட அப்பா போன அன்னைக்கும், காலையில அப்படித்தான் இருந்துச்சு."

"அப்போ மூனு படி முங்கினா?" என்றாள் ஒருத்தி.

"நமக்கு லீவு!" என்று கத்தினான் ஜன்ரே.

எல்லோரும் சிரித்தார்கள். வீடு போனவர்களும் சிரித்தார்கள். நெரிஸாவுக்கு அவனைக் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போல இருந்தது. மறுபடியும் லீவு! எங்கே சுற்றினாலும் அங்கேதான் வந்து நிற்கிறது.

"அது புரியுது," என்றார் இசித்ரோ. அவர் சிரிக்கவில்லை. "மூனு படி முங்கினா பள்ளிக்கூடம் லீவு. லீவு விட்டா நாங்க பாயைச் சுருட்டணும். இப்படிச் சொல்லுங்க. இது புரியுது."

கூடாது என்று சொல்ல அவளிடம் நாலு காரணம் இருந்தது. ஆறு ராத்திரியில் வரலாம். படியை மணல் மூடலாம். சொல்லிப் பார்த்தாள். அவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கேப்டன் அதற்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை தலைமையாசிரியை முணுமுணுத்துக்கொண்டே அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். நாலாம் வகுப்புப் பிள்ளைகள் படிகளில் சிவப்புப் பெயிண்டால் 1, 2, 3 என்று எழுதினார்கள். பாதிப் பெயிண்ட் சட்டையில் இருந்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையிலிருந்து தூறல். ஏழு மணிக்கு நெரிஸா பாலத்துக்கு வந்தபோது மொத்த வகுப்பும் அங்கே கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. இப்படி நேரத்துக்கு அவர்கள் ஒருநாளும் வந்ததில்லை.

"ஏறு! ஏறு!" என்று ஜன்ரே ஆற்றைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். கிரிஸ்லினும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்கு இன்னும் சமையலறை கட்டவில்லை.

"அறிவிருக்கா உங்களுக்கு?" நெரிஸா குடையை மடக்கிக்கொண்டே கத்தினாள். "அது ஏறுனா என்ன ஆகும்னு கண்ணால பார்த்தீங்கல்ல? ஏறுன்னு கூப்பிடறீங்களே!"

"தெரியும் டீச்சர்," என்றாள் கிரிஸ்லின்.

எதிர்க்கரையிலிருந்து இசித்ரோ வாயில் கைவைத்துக் குரல் கொடுத்தார். "எத்தனை, பசங்களா?"

"ஒன்னுதான் மாமா!" குரல்களில் அப்படி ஒரு துக்கம்.

"ரெண்டானா கத்துங்க!"

ஜன்ரே நெரிஸாவின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான். "டீச்சர், ஒன்னரைக்குக் கிட்ட வந்துடுச்சு. ரெண்டுன்னு சொல்லட்டுமா?"

நெரிஸா கைப்பிடியில் சாய்ந்து தானும் எட்டிப் பார்த்தாள். பழுப்புத் தண்ணீர் இரண்டாம் படியின் விளிம்பைத் தொட்டுத் தொட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

"கூடாது," என்றாள். "ஒன்னு. எல்லாரும் வகுப்புக்கு நடங்க."