நாத்தனாரோடு ஒரே கூடாரத்தில்

கிளம்ப வேண்டிய நாளில், சைக்கிளின் பின்பையில் கடைசி வாரை இறுக்கக் குனிந்த கணவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னத்தத் தேடுறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"ஒண்ணும் தேடல. நிமிர முடியல."

பெயிண்ட் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் அவர். வருடக்கணக்காகப் பெரிய பெரிய டின்களைத் தூக்கி இறக்கியும் அசராத இடுப்பு, ஒரு நைலான் வாரிடம் தோற்றுவிட்டது. மாடியில் குடியிருந்த பிசியோதெரபிஸ்ட் ஓடி வந்து, மடக்கு நாற்காலியைத் தூக்குவதுபோல் அவரைத் தூக்கிக் கட்டிலில் சாய்த்தார். "ஒரு வாரம் படுக்கை. பயப்பட ஒண்ணுமில்ல. நான் பாத்துக்கிறேன். ஆனா சைக்கிள்ங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது."

வாசலில் ஹெல்மெட்டும் கையுறையுமாக அவருடைய தங்கை நின்றுகொண்டிருந்தாள். நகரப் பேருந்து ஓட்டுபவள். சொந்தபந்தம் எல்லோருக்கும் அவள் 'டிரைவர்'தான். ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டே, வழியில் கூடாரம் போட்டுத் தங்கி, நான்கு நாளில் கடல்வரை போவது அண்ணன் தங்கை இருவரின் நெடுநாள் ஆசை. மனைவி பிறகு சேர்த்துக்கொள்ளப்பட்டவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை அவளுக்கு; கடைத்தெருவில் 'கண்ணாடிக்காரி' என்றால்தான் தெரியும். தினமும் கடை திறக்கும் முன் ஊருக்கு வெளியே மண்பாதையில் எட்டு கிலோமீட்டர் ஓடிவிட்டு வருவாள். "கூடாரத்த விட்டு வெளிய கால வச்சா வயக்காடு. ஓடலாம் பாரு!" என்று கணவர் ஆசை காட்டியதில் விழுந்துவிட்டாள்.

"லீவ வீணாக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்றார் கட்டிலில் இருந்தவர்.

சொல்வது சுலபம். அண்ணியும் நாத்தனாரும் நேருக்கு நேர் பேசி ஆறு வருடம் ஆகியிருந்தது. கண்ணாடிக்காரி செய்துகொடுத்த கண்ணாடியைப் போட்டால் தலை சுற்றுகிறது என்று டிரைவர் சொல்லி, இரண்டே நாளில் வேறு கடையில் வேறு கண்ணாடி வாங்கிவிட்டாள். தொழிலில் குறை சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்? அன்றிலிருந்து அவர்களுக்குள் எந்தப் பேச்சும் கணவர் வழியாகத்தான். எதிரெதிரே உட்கார்ந்திருந்தாலும், "உங்க தங்கச்சிக்குத் தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்பதுதான் வழக்கம்.

"எனக்கு ஆட்சேபணை இல்லன்னு அண்ணிகிட்ட சொல்லுண்ணே" என்றாள் டிரைவர்.

"நான் மட்டும் வேணாம்னா சொன்னேன்?" என்று கணவரைப் பார்த்துச் சொன்னாள் கண்ணாடிக்காரி.

இருவரும் கிளம்பினார்கள்.

டிரைவர் சைக்கிளையும் பேருந்து மாதிரியே ஓட்டினாள். ஈ காக்கை இல்லாத சாலையிலும் திரும்பும் முன் கை காட்டினாள். அதுகூடப் பரவாயில்லை. வழியில் நிழற்குடை ஒன்றைக் கண்டால் போதும், அவளை அறியாமலேயே வேகம் குறைந்து ஓரம் கட்டிவிடும். பின்னால் வந்த கண்ணாடிக்காரி மூன்று முறை முட்டப் பார்த்தாள். ஓரிடத்தில் பேருந்துக்குக் காத்திருந்த பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

கண்ணாடிக்காரி கணவருக்குப் போன் போட்டாள். "ஸ்டாப்பிங்ல எல்லாம் நிக்க வேணாம்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

பத்தடி முன்னால் டிரைவரின் போன் அடித்தது. அவள் பேசி முடித்ததும் கண்ணாடிக்காரியின் போன் அடித்தது. "பின்னால ஒட்டிக்கிட்டு வராம கொஞ்சம் இடம் விட்டு வரணுமாம்."

மத்தியானத்துக்குள் பதினேழு அழைப்புகள். எங்கே சாப்பிடுவது, யாரிடம் ரொட்டி இருக்கிறது, பாலத்துக்கு மேலா கீழா என்று எல்லாமே நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் அவர் கத்திவிட்டார். "நான் என்ன நோயாளியா, டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?"

அன்று மாலை ஆற்றோரப் புல்வெளியில் வாய் திறக்காமலே கூடாரம் அடித்தார்கள். உள்ளே ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தார்கள். டிரைவருக்கான சின்னக் கூடாரம் அண்ணனின் சைக்கிள் பையோடு வீட்டிலேயே நின்றுவிட்டது. இருவருக்கான கூடாரம் என்று இதன் பையில் எழுதியிருந்தது. பேசிக்கொள்கிற இருவருக்கு என்று எழுதியிருக்க வேண்டும்.

விடிந்ததும் கண்ணாடிக்காரி ஷூவை மாட்டிக்கொண்டு ஓடப் போனாள். சோளக்காட்டுக்கு நடுவே ஈர மண்பாதை. தோகைகளில் இருந்த பனி முழங்கையை நனைத்தது. முதல் கிலோமீட்டரில் முந்தைய நாளின் எரிச்சல் மூச்சோடு வெளியே போனது. இரண்டாவதில் கடை மறந்தது. மூன்றாவதில் தான் யாருக்கு மனைவி, யாருக்கு அண்ணி என்பதெல்லாம்கூட மறந்துபோய், காலும் பாதையும் மட்டும் மிச்சமிருந்தன. ஒரு வாய்க்காலைத் தாண்டிக் குதித்தபோது தன்னையும் மீறிச் சிரித்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது கூடாரம் ஆடிக்கொண்டிருந்தது. டிரைவர் தன் வேர்வைச் சட்டையைக் கூடாரக் கயிற்றில் உலர்த்தியிருந்தாள். செவலை மாடு ஒன்று அந்தச் சட்டைக் கையை உப்புக்காக ருசித்துச் சப்பி இழுக்க, கூடாரமே மாட்டோடு போய்வந்தது. உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"போதும் அண்ணி! பேசாம இருந்தது தப்புதான். அதுக்காகத் தூங்குறவளைக் கூடாரத்தோட பிடிச்சு இழுப்பாங்களா?"

ஆறு வருடத்தில் நாத்தனார் அண்ணியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. கேட்டுக்கொண்டிருந்தது மாடு.

"நான் இங்கதான்டி இருக்கேன்" என்றாள் கண்ணாடிக்காரி தூரத்திலிருந்து.

"அப்ப இழுக்குறது யாரு?"

"வெளிய வந்து நீயே பாரு."

டிரைவர் தவழ்ந்து வெளியே வந்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு மாடு பழுப்பு நிற மேகம். மேகம் மூச்சு விட்டதும் அலறினாள். அலறலில் மிரண்ட மாடு நகர்ந்த நகர்வில், வாசல் ஓரம் கழற்றி வைத்திருந்த அவளுடைய கண்ணாடியை மிதித்துவிட்டுச் சட்டையோடு நடையைக் கட்டியது.

லென்ஸ் தப்பித்தது. காதில் மாட்டுகிற ஒரு பக்கக் கை மட்டும் ஒடிந்துவிட்டது. கண்ணாடிக்காரி இடுப்புப் பையிலிருந்து விரல் நீளத் திருப்புளியை எடுத்தாள். தொழில்காரி, எங்கே போனாலும் அது கூடவே வரும். ஒடிந்த கையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் கூடாரத்தின் மெல்லிய கயிற்றைக் கோத்து, தலைக்குப் பின்னால் சுற்றி மறுபக்கக் கையில் கட்டினாள்.

"ஆட்டிப் பாரு. விழுதா?"

"விழல." டிரைவர் கொஞ்ச நேரம் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். "அண்ணி... அன்னிக்கு நீங்க செஞ்ச கண்ணாடி சரியாத்தான் இருந்துச்சு."

"தெரியும். பவர நாலு தடவ பாத்துத்தானே குடுத்தேன்."

"ஃபிரேம்தான். அதப் போட்டா நான் எங்க டிப்போ மேனேஜர் மாதிரியே இருந்தேன். நீங்களா பாத்து ஆசையா எடுத்துக் குடுத்தது. பிடிக்கலன்னு எப்படிச் சொல்றது? தலை சுத்துதுன்னு சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! அதுக்காக நான் மெஷினையே பிரிச்சு மாட்டினேனேடி!"

கண்ணாடிக்காரிக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம். ஆனால் எதிரே ஒற்றைக் காதுக் கண்ணாடியும் தலையைச் சுற்றிக் கயிறுமாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக்கொண்டு அதைக் காப்பாற்ற முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டிரைவரும் சேர்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு ஆறு வருடப் பாக்கியையும் பேசித் தீர்த்தார்கள். பேச்சு சுவாரசியத்தில் ஒரு திருப்பத்தைக் கோட்டைவிட்டு, பதினொரு கிலோமீட்டர் சுற்றினார்கள். மத்தியானம் கணவரே போன் செய்தார்.

"என்ன, ஒரு சத்தத்தையும் காணோம்? சண்டையா?"

"இல்லீங்க, பேசிக்கிட்டிருக்கோம்."

"யாரோட?"

"உங்க தங்கச்சியோடதான்."

"ரெண்டு பேரும் வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலை டிரைவரும் ஓட வருகிறேன் என்றாள். முதல் மேட்டிலேயே நாக்குத் தள்ளிவிட்டது.

"மேட்டுல பஸ்ஸ டாப் கியர்ல ஏத்துவியா?"

"திணறி நின்னுடும்."

"அப்புறம் காலை மட்டும் ஏன் இவ்வளவு எட்டி வைக்கிற? குட்டிக் குட்டியா வை."

டிரைவருக்கு உடனே பிடிபட்டது. மேட்டு உச்சிவரை நிற்காமல் ஏறி, கீழே வளைந்து போகும் ஆற்றைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "சீட்ல உக்காந்தே பாதி ஆயுசு போச்சு அண்ணி" என்றாள். "கால் இருக்கிறதே இப்பத்தான் தெரியுது."

நான்காம் நாள் பிற்பகல் கடல் வந்தது. ஆறு கடலில் சேருகிற இடத்தைப் பற்றி இருவருக்கும் பெரிய கற்பனை இருந்தது. அங்கே இருந்தது கணுக்கால் அளவுச் சேறும், மணல்திட்டும், கவிழ்த்துப்போட்ட ஒரு படகும்தான். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் அவர்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதப் பாக்கவா அங்கேருந்து சைக்கிள் மிதிச்சு வந்தீங்க?"

"ஆமாங்க" என்றாள் டிரைவர் பெருமையாக.

கண்ணாடிக்காரி கூடாரத்தை மணலில் விரித்துக் கம்பிகளை வளைத்து நிறுத்தினாள். முளை அடிக்கக் கல்லைத் தேடி இரண்டடி நகர்ந்தாள். அதற்குள் காற்று உள்ளே புகுந்தது. கூடாரம் ஒரு முறை குதித்துப் பார்த்தது. பிறகு பந்து மாதிரி கரையோரமாக உருண்டு ஓடியது.

"அண்ணி, பிடிங்க!"

கண்ணாடிக்காரி செருப்பை உதறிவிட்டுப் பாய்ந்தாள். டிரைவர் சைக்கிளில் ஏறி, அலை நனைத்த கெட்டி மணலில் மணியை அடித்துக்கொண்டே விரட்டினாள். மீனவர் வலையைப் போட்டுவிட்டு, "விடாதீங்க, விடாதீங்க!" என்று கை தட்டினார். அரை கிலோமீட்டர் தள்ளி டிரைவர் முந்திப் போய்க் குறுக்கே நிறுத்தினாள். கூடாரம் சைக்கிளில் மோதித் தயங்கிய நொடியில் கண்ணாடிக்காரி அதன்மேல் குப்புற விழுந்தாள். அடுத்து டிரைவரும் விழுந்தாள்.

மூச்சு இரைத்தது. சட்டை, தலைமுடி, வாய் எல்லாம் மணல்.

"எழுந்திரு. பையெல்லாம் அங்க கிடக்கு."

"நான் எழுந்தா இது பறந்துடும் அண்ணி. நீங்க போங்க."

"நான் எழுந்தா நீ ஒருத்தி இதத் தாங்குவியா? உன்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. தூரத்தில் மீனவர் அவர்களுடைய பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாவகாசமாக நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் வந்து சேரும்வரை இருவரும் கூடாரத்தின்மேல் மல்லாந்து கிடந்து, திரும்பும்போது ரயிலில் போவதா, இல்லை எதிர்க்கரையைப் பிடித்துக்கொண்டு சைக்கிளிலேயே போவதா என்று நேருக்கு நேர் சண்டை போட்டார்கள்.