கடைசி வீட்டு மோட்டார்

பேட்டையில் ஆற்றுத் தண்ணீர்க் குழாய் மேலத்தெரு வழியாக வந்து கீழத்தெருவில் முடிகிறது. மேலத்தெருவில் வீட்டுக்கு வீடு குழாயோடு மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினார்கள். அது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். மிஞ்சியதைக் கடைசி வீட்டு வேதநாயகம் பெரிய மோட்டார் வைத்து இழுத்துவிடுவார். கீழத்தெருக் குழாயில் காற்றுதான் சீறும். கரண்டு போனால் மட்டும் தண்ணீர் வரும். ஆகவே தண்ணீர் விடும் நாளில், கரண்டு போகவேண்டும் என்று கீழத்தெருப் பெண்கள் துஆ கேட்டார்கள்.

அஸீலாவின் மகள் முஃபீதாவுக்கு மஞ்சள் காமாலை. தெருவில் சாக்கடை ஓரத்து போர் பம்புத் தண்ணீர் இனிக் குழந்தையின் வாயில் படவே கூடாது, நல்ல தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் கேன் வாங்க வழியில்லை. அன்று சாயங்காலம் அஸீலா வேதநாயகத்தின் கேட்டில் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, நாளைக்குத் தண்ணி விடும்போது கொஞ்ச நேரம் மோட்டாரை நிறுத்தி வையுங்க. பிள்ளைக்குக் காமாலை."

"மேல உள்ளவன்லாம் உறிஞ்சுதான். அவன்கிட்டப் போய்க் கேளு."

"நீங்கதான் கடைசி வீடு. உங்களைத் தாண்டித்தான எங்களுக்கு வரணும்?"

"ஒங்க தெருவுல போர் இருக்குல்லா? அதைச் சாக்கடையாக்கி வச்சிருக்கிய."

"அந்தச் சாக்கடை உங்க தெருவுல இருந்துதான் வருது அண்ணாச்சி. தண்ணிய நீங்க வச்சுக்கிடுதிய. அழுக்கை மட்டும் ஒழுங்கா எங்களுக்கு அனுப்புதிய."

கேட் படாரென்று அடைபட்டது. கம்பிகளுக்கு உள்ளே வாசற்படியில் அவர் மனைவி கெசியா நின்றிருந்தாள். அஸீலாவுக்கு ஆத்திரம் அவள் மேல் திரும்பியது.

"நீங்களும் பிள்ளை பெத்தவங்கதான? ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சிருமோ?"

கெசியா உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கீழத்தெருக் குழாயில் தண்ணீர் விழுந்தது.

"ஏட்டி, கரண்டு போயிட்டு! ஓடியாங்க!" என்று பக்கத்து வீட்டு ஆபிதா பீவி கத்தினாள். குடங்கள் முட்டிக்கொண்டன. நோயாளி இருக்கும் வீட்டுக்கு முதல் குடம் என்பது அந்தத் தெருவின் வழக்கம். அஸீலாவின் குடத்தை முன்னால் தள்ளிவிட்டார்கள். தண்ணீர் விரல் கனத்துக்கு விழுந்தது.

"கரண்டு எங்க போச்சு?" என்றாள் ஒருத்தி. "ஒங்க வீட்டு மிக்சிதான ஆபிதாக்கா கத்துது?"

அவர்கள் வியந்து முடிப்பதற்குள் வேதநாயகம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"என் மோட்டார் ஃபியூசை எவ புடுங்குனா? நேத்து வந்து கத்திட்டுப் போனவ நீதான? சுவரேறிக் குதிச்சியோ?"

"ஆமா, அஸீலா சர்க்கஸ்ல இருந்தா. ஆளைப் பாத்துப் பேசும்வே!" என்றாள் ஆபிதா பீவி.

"போலீசைக் கூப்பிடுதேன்."

"கூப்பிடும். வந்து முதல்ல உம்ம மோட்டாரைப் பாக்கட்டும்."

அவர் காலால் குடத்தை எற்றினார். அது சாய்ந்து பாதித் தண்ணீர் மண்ணில் ஓடியது. அஸீலா வெறுங்கையால் அதைத் தடுக்கப் பார்த்தாள்.

பின்னாலேயே வந்த கெசியா குனிந்து குடத்தை எடுத்தாள். மறுபடி குழாயடியில் வைத்தாள்.

"ஃபியூசை எடுத்தது நான்தான்."

வேதநாயகத்தின் முகம் கறுத்தது. "ஊர் முன்னால இப்படிச் சொல்ல ஒனக்கு வெக்கமா இல்ல?"

"இருக்கு. அதான் எடுத்தேன். முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணிட்டு வந்து அந்த சுவிட்சைப் போட எனக்குக் கை வரலை."

"கட்டையக் குடு."

"இந்தக் குடம் நிறையட்டும். தாரேன்."

ஃபியூஸ் கட்டை அவள் முந்தானை முடிச்சில் இருந்தது. அத்தனை பெண்களுக்கு நடுவில் மனைவியின் முந்தானையைப் பிடித்து இழுக்க அவரால் முடியவில்லை. நின்றார். வீட்டில் அவர் பேப்பர் படித்து முடிப்பதற்குள் தொட்டி நிறைந்துவிடும். ஒரு குடம் நிறைவதை நின்று பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பினார். திருப்பிய பக்கமெல்லாம் வெறும் குடங்கள்.

"இந்த ஒரு குடத்துக்கு நான் நன்றி சொல்லுவேன்னு நெனைக்காதிய" என்றாள் அஸீலா கெசியாவிடம்.

"சொல்ல வேண்டாம். பிள்ளை பேரு என்னம்மா?"

அஸீலா குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து வரை தண்ணீர் ஏறிய பிறகுதான் சொன்னாள். "முஃபீதா."

"நான் கர்த்தர்கிட்ட அவளுக்காகக் கேக்குதேன்."

குடம் நிறைந்தது. கெசியா சொன்னபடி முடிச்சை அவிழ்த்துக் கட்டையைக் கொடுத்தாள். அஸீலா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

வேதநாயகம் வீடு போய்ச் சேரும் வரைதான் இந்தத் தண்ணீர் என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த குடம், அதற்கடுத்த குடம் என்று தள்ளுமுள்ளு தொடங்கியது. தன் குடத்தைக் குழாயடியில் திணித்துவிட்டு ஆபிதா பீவி மேலத்தெருப் பக்கம் எட்டிப் பார்த்தாள். வேதநாயகம் இன்னும் பாதித் தூரம்கூடப் போகவில்லை.

"ஏட்டி, என்ன இந்த மனுசன் இம்புட்டு பைய போறாரு?"