ராக்காயி குறை சொல்லாத வாரம்

கூடத்து நாற்காலிகள் எல்லாம் வெளியே கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்விட்டன. துடைத்துக் காய்ந்த தரையில் வெள்ளைப் படுக்கைவிரிப்பு ஒன்று, அதன்மேல் ஒட்டுப்போர்வை, பக்கத்தில் முழங்கால் போட்டுக் குணசுந்தரி. கையிலிருந்த ஒட்டுநாடா உருளையைப் போர்வையின்மேல் மெல்ல உருட்டி உருட்டி எடுத்தாள். வீட்டுக்குச் சொந்தமில்லாத, ஆனால் வீட்டின் எல்லா இடத்திலும் படுத்தெழும் சாம்பல் பூனையின் முடி ஒன்றிரண்டு அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு முடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த இடத்துக்கு நகர்ந்தாள். மதியத்துக்குள் போர்வையைச் சுங்கை பட்டாணி மண்டபத்தில் போட்டிக்கு ஒப்படைக்க வேண்டும். கரங்கானில் தையல்கடை வைத்திருக்கும் பஷீரா தன்னுடையதையும் காரில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டதாகப் போன் செய்திருந்தாள்.

போட்டிக்கு வரும் போர்வைகள் அத்தனையையும் மாட்டிவிட மாட்டார்கள். நடுவர்கள் பொறுக்கி எடுத்தவை மட்டும் சுவரில் விளக்கு வெளிச்சத்தில் தொங்கும். மற்றவை மடித்த மடிப்போடு நீள மேசையில் கிடக்கும், பாசார் மாலாம் இரவுச்சந்தையில் விலைபோகாத துணியைப் போல. போன வருடம் குணசுந்தரியின் போர்வை மேசையில் கிடந்தது. பினாங்கிலிருந்து வந்திருந்த நடுவரம்மா அவள் தோளைத் தொட்டு, ஓரம் நெளிகிறது, பின்புறம் நூல் தொங்குகிறது, பூனை முடி இருக்கிறது என்று அன்பாக எடுத்துச் சொன்னார். அந்த அன்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தாலாவது மனசுக்குள் திரும்பத் திட்டியிருக்கலாம். பஷீராவின் போர்வை சுவரில் தொங்கியது. திரும்பி வரும் வழியெல்லாம் பஷீரா அதைப் பற்றி மூச்சே விடாமல், மீன் விலையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நல்ல மனசு. அதுவும் வலித்தது.

இதில் இவ்வளவு மனசை வைக்க என்ன இருக்கிறது என்று கேட்டால் குணசுந்தரியால் சட்டென்று பதில் சொல்ல முடியாது. கூலிமில் ஒரு தொழிற்சாலையில் உருப்பெருக்கிக்குள் கண்ணை விட்டுச் சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் அவள் வயசு கரைந்தது. அங்கே நல்ல பலகையை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, அது நேரே பெட்டிக்குள் போய்விடும். கெட்டதற்குத்தான் விசாரணை, கூட்டம், மேலதிகாரியின் முகம். பிறகு தொழிற்சாலையே வேறு நாட்டுக்குப் போனது. தன் கை செய்த ஒன்றை, தன்னை யாரென்றே தெரியாத நாலு பேர் நின்று பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். வெளியே சொன்னால் சின்னப்பிள்ளை ஆசைபோல் இருக்கும் என்று கணவனிடம்கூடச் சொன்னதில்லை.

கணவன் குழந்தைவேலு எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். குன்றைச் சுற்றிப் படிபடியாக வெட்டிய செம்பனைக் காட்டை அவன் ஒருநாள் மேலிருந்து போனில் படம் பிடித்துக்கொண்டு வந்தான். அந்தப் படம்தான் போர்வையானது. நடுவில் ஒரு சின்னச் சதுரம், அதைச் சுற்றிப் பட்டை, பட்டையைச் சுற்றி இன்னொரு பட்டை. பச்சைக்குப் பழைய கைலிகள், நீலத்துக்கு மகள் படித்த காலத்துப் பள்ளிச் சீருடை, மண் நிறத்துக்குப் பழைய பத்திக் துணி. எல்லாவற்றையும் சுற்றி வெளிர்மஞ்சள் கரை. குழந்தைவேலு பாதி வேலையில் எட்டிப் பார்த்து, "பதினோராம் பிளாக்கு மாதிரி இருக்கே, மழ பேஞ்சா லாரி ஏறாது அங்க," என்றான். அவனுக்குத் தெரிந்த பாராட்டு அது.

வீட்டில் நடுவர் ஒருத்தி ஏற்கெனவே இருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தைவேலுவின் அக்காள் ராக்காயி. முழங்கால் விட்டுப்போகும்வரை ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள். புருஷன் போனபிறகு ஒரே ஒரு பையோடு பாடாங் மேஹாவில் தம்பி வீட்டுக்கு வந்தாள். அப்போது குணசுந்தரிக்குக் கல்யாணப் புதுசே தீரவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை ராக்காயியின் வாயிலிருந்து வந்த மிக உயர்ந்த சொல் 'திங்கலாம்' என்பது. அதுவும் தீபாவளிக்கு மட்டும். குழம்பில் புளி தூக்கலாக இருக்கும், கூட்டினால் குப்பை மிச்சமிருக்கும், சேலை கட்டினால் கொசுவம் சாய்ந்திருக்கும். நாத்தனார் வாய்க்குப் பயந்து குணசுந்தரி ஒன்றையும் விட்டுவிடவில்லை, ஆனால் எதையும் நிம்மதியாகச் செய்ததுமில்லை.

போர்வை தைக்க ஆரம்பித்ததிலிருந்து ராக்காயிக்குப் புது வேலை கிடைத்துவிட்டது. காலையில் காப்பித் தம்ளரோடு வந்து நிற்பாள். "இந்த மூல முக்காடு போட்டாப்ல தூக்கிக்கிட்டு நிக்குது." மறுநாள், "அந்த நீலமும் பச்சையும் ஒண்ணோட ஒண்ணு சண்ட போடுது." இன்னொரு நாள் போர்வையைப் புரட்டி, "பின்னால நூலு, எலி வாலாட்டம்." குணசுந்தரி பல்லைக் கடித்துக்கொண்டு தையல் மிஷினை வேகமாக ஓட்டுவாள். ராக்காயி சமையலறைக்குப் போனதும் ஊசியை எடுத்து அந்த இடத்தை ஓசையில்லாமல் பிரிப்பாள். சொன்னதில் பாதிக்குமேல் உண்மையாக இருந்ததுதான் எரிச்சல்.

போன வாரம் கரையைச் சுற்றித் தைத்து முடித்துப் போர்வையைக் கொடியில் போட்டாள். ராக்காயி வந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்பக்கம் பார்த்தாள். சுற்றிப்போய்ப் பின்பக்கம் பார்த்தாள். ஓரத்தை இரண்டு விரலால் நீவிக்கொண்டே முழு நீளத்துக்கும் நடந்தாள். உள்ளே போய்விட்டாள். ஒரு வார்த்தையில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். குணசுந்தரிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குறை சொன்னபோது வந்த கோபத்தைவிட இந்த மௌனம் மோசமாக இருந்தது. பொறாமையாக இருக்குமோ என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டாள், ஆனாலும் நினைத்தாள்.

இப்போது உருளை கடைசி மூலைக்கு வந்தது. வலதுபக்கக் கீழ்மூலை, வெளிர்மஞ்சள் கரை. அங்கே கறுப்பாக ஏதோ இருந்தது. பூச்சி என்று நினைத்து ஊதினாள். போகவில்லை. லாரி கிரீஸோ என்று நினைத்தாள். விரல் நுனியால் தொட்டாள். விரலில் ஒட்டிக்கொண்டு வந்ததை முகர்ந்தாள். விளக்கெண்ணெயும் கற்பூரமும் கலந்த வாசனை. கட்டைவிரல் அகலத்துக்கு, வட்டமாக, அழுத்தி வைத்த கண்மை.

"அண்ணி."

"என்னா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. பின்னாலேயே பாதி உரித்த வெங்காயத்தோடு ராக்காயியும் வந்தாள்.

"இது என்னாது?"

"பாத்தா தெரியலயா. திருஷ்டிப் பொட்டு. காலையிலதான் வெச்சேன்."

மறைக்கவில்லை, தயங்கவுமில்லை. உலை வைத்தேன் என்பதுபோலச் சொன்னாள். குணசுந்தரி உருளையைக் கீழே வைத்தாள்.

"போட்டிக்குப் போற சாமான் அண்ணி. கற இருந்தா மார்க்க வெட்டிருவாங்க. மாட்டவே மாட்டாங்கலா. வருசம் முழுக்க குனிஞ்சி குனிஞ்சி தெச்சது."

"அதுக்குத்தான் வெச்சேன்."

"ஒங்களுக்குப் புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். எப்பவும் சொல்றதுதானே."

ராக்காயி கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தாள். உரிந்த தோலை உருட்டினாள்.

"ஒரு வாரமா பாக்கறேன் குணா. முன்னால பாத்தேன். பின்னால பாத்தேன். ஓரத்தத் தடவிப் பாத்தேன். ஒரு கொறையும் கெடைக்கல." அதை ஒரு புகார் மாதிரிதான் சொன்னாள். "கொறையே இல்லாத பொருள எப்படி நாலு பேரு முன்னால அனுப்பறது? எவ கண்ணு எப்படியோ. எனக்கு மனசு கேக்கல."

அந்தச் சொற்கள் குணசுந்தரிக்கு முதலில் காதில் மட்டும்தான் விழுந்தன. கோபம் இன்னும் நெஞ்சில் நின்றுகொண்டிருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வேறொன்று உள்ளே வரப் பார்த்தது. இரண்டுக்கும் இடமில்லாமல் அழுகை வந்தது. எதற்கான அழுகை என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ராக்காயிக்கு அழுகையைக் கண்டால் கை கால் ஓடாது. வெங்காயத்தை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டு அங்கேயே நின்றாள்.

பஷீராவின் கார் வாசலில் ஹாரன் அடித்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவள், போர்வைக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியும் நிற்பதைப் பார்த்தாள். பிறகு மூலையைப் பார்த்தாள். குனிந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி மட்டும் படவே கூடாது குணாக்கா. எண்ண மை. தேச்சா பரவிரும்."

முகப்பவுடரைத் தூவி ஒற்றினார்கள். மேலிருந்த மினுமினுப்பு போனது, கறுப்பு போகவில்லை. பஷீரா நிமிர்ந்து ராக்காயியைப் பார்த்தாள்.

"எங்க வீட்டுலயும் கண்ணேறுன்னா பயம்தான் பெரியம்மா. ஆனா நாங்க ஓதி ஊதிருவோம். மார்க் கொறையாது."

குணசுந்தரிக்கு அழுகையின் நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

"மேல ஏதாச்சும் வெச்சி மூடித்தான் ஆவணும்," என்றாள் பஷீரா. "ஒரு எல மாதிரி. ஒரு மூலையில மட்டும் எல இருந்தா ஜட்ஜு என்னா சொல்வாங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா கறன்னு சொல்ல முடியாது."

குணசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு துணிப்பையைக் கொட்டினாள். கைலியில் மிஞ்சிய பச்சைத் துண்டு ஒன்று அகப்பட்டது. வரையாமல் கத்தரித்தாள். செம்பனைக் கன்றின் முதல் இலை அப்படித்தான் இருக்கும், பிளவுபடாமல், படகுபோல. விளிம்பை உள்ளே மடித்து, நூல் வெளியே தெரியாத சின்னத் தையலாகப் போட்டுக்கொண்டே வந்தாள். உருப்பெருக்கியில் பழகிய கண், தையல் ஒன்றுகூடப் பிசகவில்லை. பஷீரா கைப்பேசியில் மணியைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தாள். ராக்காயி நகரவில்லை. அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கும் வாசனை வந்தது, அப்போதும் நகரவில்லை.

கடைசி முடிச்சைப் போட்டு நூலை அறுத்ததும் ராக்காயி கேட்டாள். "மூடிட்டியா?"

"மூடிட்டேன். பொட்டு அடியிலதான் இருக்கு அண்ணி. எடுக்கல."

"அடியில இருந்து என்னா பிரயோசனம். பாக்கறவ கண்ணு மொதல்ல அதுல விழணும்லா. அதுக்குத்தானே வெக்கிறது."

ராக்காயி சொன்னதில் இதுவும் பாதிக்குமேல் உண்மை. போர்வையை மடிக்காமல், மடிப்பு விழக்கூடாதென்று நீளமான அட்டைக்குழாயில் சுற்றி, படுக்கைவிரிப்பால் மூடிக் கட்டினார்கள். அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு குணசுந்தரி வாசலுக்கு வந்தாள். பஷீரா காரின் பின்கதவைத் திறந்து பிடித்தாள்.

"நில்லு."

ராக்காயி கண்மை டப்பாவோடு வேகமாக வந்தாள், அந்த முழங்காலுக்கு அது பெரிய வேகம். கட்டைவிரலை மையில் அழுத்தி எடுத்தாள். குணசுந்தரியின் இடது கன்னத்தில், காதுக்குக் கொஞ்சம் முன்னால், பால்மரக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன அந்த விரலை வைத்து அழுத்தினாள். கையில் போர்வை இருந்ததால் குணசுந்தரியால் தடுக்க முடியவில்லை. கை சும்மா இருந்திருந்தாலும் தடுத்திருப்பாளா என்பது வேறு விஷயம்.

"சாமானுக்கு வேணாம்னா செஞ்ச ஆளுக்கு இருக்கட்டும்," என்றாள் ராக்காயி. "போ. நேரமாவுது."

செம்பனைக் காடுகளின் நடுவே கார் போய்க்கொண்டிருந்தது. பஷீரா இரண்டு முறை பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். பிறகு எதிரே மேலிருந்த வெயில்தடுப்புக் கண்ணாடியைக் கீழே மடக்கிவிட்டாள். அதில் குணசுந்தரி தன்னைப் பார்த்தாள். சின்னப் பொட்டில்லை. குழந்தைக்கு வைப்பதுபோல, தெருவே பார்க்கட்டும் என்று வைத்த பொட்டு. நரை ஓடிய தலைக்கும் அதற்கும் ஒரு பொருத்தமும் இல்லை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது தினம் குளிப்பாட்டி அவள் கன்னத்தில் ராக்காயி வைத்ததும் இதே இடத்தில்தான் என்று தோன்றியது. தனக்கு யாரோ கடைசியாக வைத்தது கல்யாணத்தன்று. அப்புறம் யார் கண் படப்போகிறது என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள், அவளும் சேர்த்து. இன்றைக்கு ஒருத்திக்குப் பயம் வந்திருக்கிறது. அதை நினைத்தபோது மகிழ்ச்சியாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. கண்ணாடியை மூடி வைத்தாள்.

மண்டபத்தில் போர்வைகளோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். சிலர் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். ஏர்கோன் சில்லென்றிருந்தது, ஆனாலும் குணசுந்தரிக்கு வியர்த்தது. அவள் முறை வந்ததும் மேசைக்குப் பின்னாலிருந்த மலாய்ப் பெண் கையுறை போட்டுக்கொண்டு போர்வையை விரித்தாள். அளந்தாள், புரட்டினாள், சுவரில் மாட்டக் கம்பு நுழைக்கும் இடத்தைச் சரிபார்த்தாள். ஓரத்தை நீவிக்கொண்டே வந்த விரல் இலை இருந்த மூலையில் நின்றது. மூலையைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தாள், மறுபடி மேல்பக்கம் பார்த்தாள். அந்தப் பெண் எண் எழுதிய சீட்டைக் குத்திவிட்டு நிமிர்ந்தாள். அப்போதுதான் குணசுந்தரியின் முகத்தைப் பார்த்தாள்.

"காக்," என்று அக்கா முறை சொல்லிக் குரலைத் தாழ்த்தி, கன்னத்தில் ஏதோ கறுப்பாக ஒட்டியிருக்கிறது என்று மலாயில் சொன்னாள். மற்றவர்கள் பார்க்கும் முன் துடைத்துக்கொள்ளட்டும் என்று மெல்லிய காகிதக் கைக்குட்டை ஒன்றை மேசைமேல் நகர்த்தினாள்.

"தெரிமா காசே," என்று நன்றி சொல்லிக் குணசுந்தரி அதை எடுத்துக்கொண்டாள். நெற்றியைத் துடைத்தாள். மூக்கின் ஓரம், கழுத்து, வலது கன்னம். காகிதம் ஈரமானது. தன் பேச்சு புரியவில்லையோ என்று அந்தப் பெண் தன் இடது கன்னத்தையே விரலால் தொட்டுக் காட்டினாள். குணசுந்தரி புரிந்தது என்று தலையை ஆட்டினாள். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்தவருக்கு வழிவிட்டு நகர்ந்து, வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்கும்படி இடது கன்னத்தை அந்தப் பக்கமாக வைத்து நின்றாள்.