பெயர் சொல்லாத மூன்று நிமிடம்

ஏவன்மவுத் துறைமுகத்துக் குளிர்கிடங்கில் அன்று மதியம் இரண்டு மணிக்கு யாரும் வேலை செய்யவில்லை. உறைந்த பட்டாணிப் பெட்டிகளோடு லாரி வாசலில் காத்திருக்க, நாங்கள் ஏழு பேர் ரேடியோவைச் சுற்றி நின்றோம். நான் செய்த இசை டிராக் ரேடியோவில் வரப்போகிறது என்று நான்தான் வாயை விட்டிருந்தேன்.

"உன் பேரையும் சொல்வாங்களாடா மார்லன்?" என்றாள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பிரெண்டா.

"சொல்வாங்க. கெஸ்டர் அண்ணன் நேத்து போன்ல சொன்னாரு."

"பதினாலு மாசமா அந்தாளு சொல்லிக்கிட்டுத்தான் இருக்கான்."

டிரம் அண்ட் பேஸ் என்ற வேகத்தாள நடன இசை செய்யும் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது டிராக்கை வெளியிடும் முன்பு பெரிய டிஜே ஒருவரிடம் கொடுப்போம். அவர் சரி என்று சொல்லும்வரை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. அவரோடு சேர்ந்து நம் பெயரும் மேலே ஏறும் என்று நம்பிக்கை. பகலெல்லாம் பெட்டி தூக்கிவிட்டுப் பதினோரு வருடமாக டிராக் செய்கிறேன். அதில் உருப்படியான ஒன்று அப்படிப் பெரிய டிஜேயான கெஸ்டரிடம் போயிற்று. பெர்லினில், பிராகில் எல்லாம் போட்டார். ஆயிரக்கணக்கான பேர் குதித்தார்கள், படம் எடுத்தார்கள், 'கெஸ்டரோட புதுசு' என்று எழுதினார்கள். ஒருவரையும் அவர் திருத்தவில்லை. வெளியிடலாமா என்று கேட்டால், "பொறு தம்பி, சூடு ஏறட்டும்" என்பார். இன்று நாடு முழுக்கக் கேட்கும் பகல் நிகழ்ச்சியில் அவர் விருந்தாளி.

டிராக் வந்தது. அந்தச் சின்ன ரேடியோவில் பேஸின் அடி அதிர்வு ஏறவே இல்லை. தாளம் மட்டும் யாரோ தகரத்தில் ஆணி அடிப்பதுபோல் கேட்டது. எனக்கு அது போதும். மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் நின்றேன்.

முடிந்ததும் அறிவிப்பாளர் கேட்டார்: "இது யாரு பண்ணது கெஸ்டர்?"

கெஸ்டர் சிரித்தார். "அது ரகசியம். நம்ம பட்டறை சரக்குன்னு வெச்சுக்கோங்களேன்."

லாரி டிரைவர் கெத்தின் சுற்றிலும் பார்த்தான். "பட்டாணிப் பட்டறையா?"

நான்கு பேர் சிரித்தார்கள். "வாய மூடிட்டு லாரிய பின்னால எடுடா" என்றாள் பிரெண்டா.

நிகழ்ச்சி முடியும்வரை பெட்டி இறக்கினேன். பிறகு போன் போட்டேன்.

"கேட்டியா தம்பி! பட்டப்பகல்ல, நாடு முழுக்க!"

"என் பேரு எங்கண்ணே?"

"மர்மம் இருந்தாத்தான்டா மவுசு. உன் பேரைச் சொன்னா யாருக்குத் தெரியும்?"

"சொன்னாத்தானே தெரியும்?"

"கோவப்படாத. இன்னும் ஆறு மாசம் குடு. எனக்கு டிராக் குடுக்க வரிசைல நிக்கிறானுங்க, தெரியுமில்ல?"

"அப்ப அவனுங்ககிட்ட வாங்கிக்கோ. எனக்கு நாப்பத்தொண்ணு ஆச்சு, முதுகு போச்சு. உனக்கு இனி ஒரு நாள்கூடக் கிடையாது."

வைத்துவிட்டேன். கையுறையைக் கழற்றி எறிந்தேன். பெட்டி அடுக்கின் மேல் உட்கார்ந்து, டிராக்கின் மேல் என் பெயரைப் போட்டு, எனக்குத் தெரிந்த நாற்பத்து மூன்று டிஜேக்களுக்கும் ஒரே தட்டில் இலவசமாக அனுப்பினேன். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. தெரிந்துதான் செய்தேன்.

பத்தே நிமிடத்தில் கெஸ்டர் கூப்பிட்டான். "முடிஞ்சடா நீ. இனி உன் டிராக்க எவனும் தொடமாட்டான்."

"தொட வேணாம் போடா."

சனிக்கிழமை மதியம் ஊரின் மறுபக்கம் ஈஸ்டனில், ஒரு மாடி வீட்டிலிருந்து உரிமம் இல்லாமல் ஒலிபரப்பும் ரேடியோவில், அந்த நாற்பத்து மூன்று பேரில் ஒருத்தியான ஷெரீஸ் என்ற கரகரத்த குரல்காரி அதைப் போட்டாள். பாதியில் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி முதலிலிருந்து போட்டாள். "மார்லன் டக்கெட், ஏவன்மவுத்!" என்று இரண்டு முறை கத்தினாள். மீன் வறுவல் கடை வரிசையில் நின்று இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டேன். என் முறை வந்தது தெரியவில்லை. பின்னால் நின்ற கிழவர் திட்டினார்.

அடுத்த மாதம் புது டிராக் ஒன்றை அதே நாற்பத்து மூன்று பேருக்கு அனுப்பினேன். நாற்பத்திரண்டு பேர் வாயே திறக்கவில்லை. ஷெரீஸ் மட்டும் அன்றைக்கே எழுதினாள்: "செம்மையா இருக்கு. வேற யாருக்கும் குடுக்காம எனக்கு மட்டும் தர்றியா?"

கிடங்கு வாசல் வரிசையில் அடுத்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. "மாட்டேன்" என்று எழுதி அனுப்பிவிட்டு எழுந்தேன்.