பென்சில் சுற்றி முடியும் வரை

அந்தப் பெரிய காகிதச் சுருளை அலமாரிக்கு மேலே அவன் தள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு திறந்தது. சுருளின் ஒரு முனை அடங்காமல் துருத்திக்கொண்டு நின்றது. அவன் கையை இறக்கிவிட்டுத் திரும்பினான். மனைவியின் அக்கா.

“வண்டி வர்ற நேரம். இங்க என்ன தம்பி பண்றீங்க?”

“ஒண்ணுமில்ல அண்ணி.”

அவள் பள்ளித் தலைமையாசிரியை. ஒன்றுமில்லை என்று சொல்லும் முகங்களைப் பார்த்தே தலை நரைத்தவள். கதவைச் சாத்திவிட்டு எதிரே வந்து நின்றாள்.

“தங்கச்சியக் கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பொழைச்சிருப்பான்னு டாக்டர் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பாக்குற வரைக்கும் புள்ளைங்க என்ன பண்ணிட்டிருந்துச்சுங்க?”

“வெளையாடிட்டு இருந்துச்சுங்க.”

“பள்ளிக்கூடத்துக்கு அனுப்புன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? வெட்டுறதும் ஒட்டுறதும்தான் படிப்பாம்! ரெண்டையும் இன்னிக்கே நான் கூட்டிட்டுப் போறேன்.”

அவன் அலமாரியை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றான். அவள் கூட்டிப்போவதைப் பற்றிக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தக் காகிதம் அவள் கண்ணில் படக்கூடாது. அவள் வாய் சும்மா இருக்காது. ஒரு சொல் தெறித்துவிட்டால் மகள் ஆயுசுக்கும் அதைச் சுமப்பாள்.

இந்த வீட்டில் பாடம் என்பது பிள்ளைகள் எதைக் கேட்கிறார்களோ அது. சின்னவன் சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டு “அது இப்ப எங்க போவும்?” என்று கேட்டதிலிருந்து உடம்புப் பாடம். அம்மா காகிதத்தை விரித்து அதன்மேல் படுப்பாள். பிள்ளைகள் அவளைச் சுற்றிக் கோடு போட்டு உள்ளே குடலையும் ஈரலையும் வரைவார்கள். பென்சில் ஒரு சுற்று வரும்வரை படுத்திருப்பவர் ஆடக்கூடாது, பேசக்கூடாது. நேற்றுக் காலையும் அவள் காகிதத்தை விரித்தாள். விரித்தபடியே சரிந்தாள். பாடம்தான் என்று பிள்ளைகள் பென்சிலை எடுத்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தாள் என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும்.

கதவைத் தள்ளிக்கொண்டு மகள் வந்தாள். வாயைத் திறந்தால் கேள்விதான் என்று அம்மா அவளுக்கு வைத்த பெயர் கேள்விக்குறி.

“அப்பா, அந்தப் பேப்பர் எங்க? அம்மாவக் கொண்டுபோறதுக்குள்ள முடிக்கணும். நுரையீரல் பாக்கி.”

“அப்புறம் பாத்துக்கலாம்டா.”

“தோ இருக்கே!”

அவன் தடுப்பதற்குள் நாற்காலியில் ஏறி முனையைப் பிடித்து இழுத்துவிட்டாள். காகிதம் தரையில் விரிந்தது. மனைவியின் முழு உருவம். வயிற்றில் நிஜப் பொத்தான் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். வலது கைக்கு மட்டும் இரண்டு கோடுகள்.

“இது ஏன் ரெண்டா இருக்கு?” என்றாள் பெரியம்மா.

“அம்மா கையத் தூக்கிட்டாங்க பெரியம்மா. பென்சில் சுத்தி முடிக்கிற வரைக்கும் ஆடக்கூடாதுன்னு அவங்கதான் சொல்வாங்க. அவங்களே ஆடுனா? நான் கையப் புடிச்சுக் கீழ வெச்சேன்.”

பெரியம்மாவின் வாய் திறந்தது.

“அண்ணி,” என்றான் அவன்.

வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். கேள்விக்குறி இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“ஏன், நான் தப்பு பண்ணிட்டனா?”

பெரியம்மா கஞ்சி போட்ட புடவை கசங்கத் தரையில் உட்கார்ந்தாள். கையை நீட்டினாள்.

“ரப்பர் குடு. எது மொதல்ல போட்ட கோடு?”

“இது.”

மற்றதை அழிக்கத் தொடங்கினாள். காகிதம் கிழிந்துவிடாமல் இடது கையால் அழுத்திக்கொண்டு, விரல் விரலாக. வாசலில் வண்டி ஒலியெழுப்பியது. யாரும் எழவில்லை.

“இன்னும் லேசாத் தெரியுது பெரியம்மா.”

“கலர் அடிச்சா தெரியாது. போ, கலர் பென்சில எடுத்துக்கிட்டு தம்பியையும் கூட்டிட்டு வா.”

கேள்விக்குறி ஓடினாள். பெரியம்மா அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. காகிதத்தின்மேல் கிடந்த ரப்பர் துகள்களை ஊதிவிடாமல் உள்ளங்கையில் வழித்துச் சேர்த்து, கையை மூடிக்கொண்டாள்.