புழு ஏறாத ஆடு

அக்கா சுழல் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தாள். "மகாராணியோட புழுக்கையில ஒரு புழு முட்டைகூட இல்லடி."

மகாராணி எங்கள் ஆய்வுக் கொட்டகைச் செம்மறிகளில் ஒருத்தி. ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரு மாத்திரை. அதற்குள் கல்லீரல் புழுவின் குஞ்சுகள். எந்த ஆட்டின் உடம்பு புழுவை எதிர்த்து விரட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ஆய்வு. அக்கா தலைமை, நான் ரத்தம் பார்ப்பவள். ஒரு ஆடாவது தேறாவிட்டால் கொட்டகையை இழுத்து மூடிவிடுவதாக இயக்குநர் சொல்லியிருந்தார். அன்று மாலை அவர் வருவதாக இருந்தது.

எனக்கோ சந்தேகம். புழு நுழைந்தால் ரத்தத்தில் வெள்ளணுக்கள் படை திரட்டும். மகாராணியின் ரத்தம் மதியத் தூக்கத்தில் இருந்தது.

"அக்கா, இவ எதிரியை ஜெயிக்கல. எதிரியைப் பார்க்கவே இல்ல."

"நான் சந்தோஷமா இருந்தா உனக்குப் பொறுக்காதே."

"புழு இல்லாத வெறும் மாத்திரை ஒண்ணு குடுத்து, நிஜமா முழுங்குறாளான்னு பாப்போம், வா."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். மகாராணி மாத்திரையை வாங்கித் தொண்டையைக்கூட அசைத்துக் காட்டினாள். வழக்கமாக அத்தோடு அடுத்த ஆட்டுக்குப் போய்விடுவோம். இன்று நாங்கள் நகரவில்லை. எங்களை ஏற இறங்கப் பார்த்தவள், கன்னத்தில் ஒதுக்கியிருந்ததைத் தொட்டியில் துப்பினாள்.

அக்கா வைக்கோலில் தொப்பென்று உட்கார்ந்தாள். "போச்சு. எல்லாம் போச்சு." அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அப்போது பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு தலை நீண்டது. கண்டதையும் தின்பதால் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் மிச்சசொச்சம். மாத்திரையை நக்கி எடுத்து மடக்கென்று விழுங்கினாள்.

"அடிப்பாவி, வாரா வாரம் ரெண்டு பேர் பங்கைத் தின்னிருக்காளா?" அக்காவின் குரல் கீச்சென்று வந்தது. "இவ ரத்தம் எப்படி?"

"அணுக்கள் எகிறிக் கிடக்கு. என் கணக்குதான் தப்புன்னு திரும்பப் பார்த்தேன். மறுபடியும் அதேதான்."

"புழுக்கையில?"

"ரெண்டே ரெண்டு முட்டை. மத்ததுங்களுக்கு எண்ணி மாளல. பூஜ்யம் இல்லன்னு நீதான் இவளை ஒதுக்கிட்ட."

அக்கா தடுப்பைத் தாண்டிக் குதித்து மிச்சசொச்சத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் அக்காவின் காலரை மெல்ல ஆரம்பித்தாள். இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

மாலையில் இயக்குநர் எல்லாவற்றையும் கேட்டார். ரத்த அளவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இன்னும் எத்தனை வருஷம் வேணும்?"

"மூணு, சார்" என்றேன்.

அக்கா என் காலை ஓங்கி மிதித்தாள். "அஞ்சு" என்றாள்.