லிஃப்டில் நின்ற வாக்கியம்

எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் சென்ற வாரம் முதல் ஜப்பானியத்தில் ஓடுகிறது. பொத்தான்களைக் கழற்றிவிட்டார்கள். ஏறியதும் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். கடைசியில் வினைச்சொல் வந்தால்தான் நகரும். ஜப்பான் கம்பெனிகள் நிறைந்த ஒரகடம் பக்கம் இதெல்லாம் சகஜம்.

என் கணவர் பூபாலன் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நிற்கிறார். "நான், இன்று, லிஃப்டில்" என்பது வரை ஜப்பானியத்தில் சரியாகச் சொல்லிவிட்டார். வினைச்சொல்தான் வரவில்லை. லிஃப்ட் அவரை அவசரப்படுத்தவில்லை. மரியாதை தெரிந்த லிஃப்ட்.

எனக்குத்தான் அவசரம். மாலைக்குள் வாக்கியம் முடியாவிட்டால் குடியிருப்போர் சங்கமே முற்றுப்புள்ளி வைத்துவிடும். ஜப்பானிய முற்றுப்புள்ளி ஒரு சின்ன வட்டம். வெல்டர் ஏகாம்பரத்திடம் இரும்பில் செய்யச் சொல்லியாகிவிட்டது. அதை வைத்துவிட்டால் உள்ளே இருப்பவர் உள்ளேதான்.

அக்கம்பக்கத்தார் ஓடிவந்தார்கள். ஒருவர் பேச்சை அவர் முடிக்கும் முன்னால் முடித்துவைப்பது எங்கள் குடியிருப்பின் பழக்கம். எல்லாம் அன்பினால்தான். இரண்டாம் மாடி லில்லிபுஷ்பம் கம்பிக்கதவு வழியாக 'சாப்பிடுகிறேன்' என்பதற்கான சொல்லை எடுத்துக்கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். சங்கச் செயலாளர் சிட்டிபாபு 'தூங்குகிறேன்' என்பதைக் கொடுத்தார். அவர் தூங்கினார். யாரோ 'நீந்துகிறேன்' என்பதையும் கொடுத்தார்கள். அவர் சட்டை இன்னும் காயவில்லை. லிஃப்ட் மட்டும் அசையவில்லை.

நான் ஆறாம் மாடிக்குப் படியேறினேன். அங்கே ஹம்சவேணி இருக்கிறாள். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். வேலை அதிகமாகி, போன மாதம் 'வா' என்ற ஒட்டாக மாறிவிட்டாள். ஜப்பானியத்தில் 'வா' எதன் பின்னால் நிற்கிறதோ அதைப் பற்றித்தான் பேச்சு. அதனால் அவள் யார் பக்கத்தில் நின்றாலும் எல்லோரும் அவரைப் பற்றியே பேசுகிறார்கள். காய்கறிக்கடைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக முடிவதில்லை.

அவள் வீட்டு நடைவழி நீண்டுகொண்டே போனது. மனதுக்குள் மரியாதையாக நினைத்தால் நீளுமாம். "ஹம்சா" என்று மொட்டையாக நினைத்தேன். கதவு வந்தது.

"அவரை இறக்கணும். முதல்ல எதைக் கத்துக்கறது?"

"கடைசியில வர்றதை."

"அதுக்கு முன்னாடி?"

"சும்மா இருக்கறதை. கடன் வாங்கின வினைச்சொல்லுக்கு லிஃப்ட் வராதுக்கா. அவரேதான் சொல்லணும்."

பிறகு மற்றவற்றையும் காட்டினாள். பெயருக்குப் பின்னால் நாம் ஐ, கு, இல் என்று ஒட்டுவதைப் போலவே அவர்களும் ஒட்டுகிறார்கள். வந்தான், வந்தாள், வந்தது என்று பிரிப்பதில்லை. எனக்கும் எருமைக்கும் ஒரே வினைச்சொல். எருமை ஒன்று அங்கிருந்தது. அதுவும் தலையாட்டியது. வினைச்சொல்லை 'மாசு' என்று மரியாதையாக முடித்துவிட்டால் பால்காரரிடமும் பேசலாம், மாமியாரிடமும் பேசலாம். எதிர்காலம் என்று தனியாக வைத்துக்கொள்ளவில்லை. தினமும் வருவதற்கும் நாளைக்கு வருவதற்கும் ஒரே சொல். என்ன அழகான சிக்கனம். இவ்வளவு நாள் இது தெரியாமல் குப்பை கொட்டியிருக்கிறேனே என்று இருந்தது.

'இல்லை' என்பதும் கடைசியில்தான் வருகிறது. எனவே ஆமாமா இல்லையா என்று தெரிய முழுவதும் கேட்டாக வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூபாலன் என்னை ஒரு வாக்கியம் முடிக்கவிட்டதில்லை. "எனக்கு ஒரு" என்று ஆரம்பித்தால் "காபிதானே" என்பார். நான் காபி குடிப்பதே இல்லை.

ஹம்சவேணியோடு இறங்கி வந்தேன். அவள் கம்பிக்கதவை ஒட்டி நின்றதும் எல்லோரும் பூபாலனைப் பற்றிப் பேசினார்கள். நான் கையைக் காட்டியதும் அடங்கினார்கள். ஏகாம்பரம் வட்டத்தோடு வந்துவிட்டார். சூடாக இருந்தது.

"வச்சிடலாமாம்மா?"

"அவர் பேசிக்கிட்டிருக்கார்."

கதவருகே போனேன். 'ஒரிமாசு', இறங்குகிறேன். சொல் என் நுனி நாக்கில் நின்றது. எடுத்துக் கொடுத்திருந்தால் அவர் மட்டும் இறங்கிப் போயிருப்பார். லிஃப்டும் நானும் அங்கேயே இருந்திருப்போம். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்க. நான் நடுவுல வரமாட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். முதலிலிருந்து ஆரம்பித்தார். நான். இன்று. லிஃப்டில். பிறகு நிறுத்தினார். மாடிப்படி முழுக்க ஆட்கள். லில்லிபுஷ்பம் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அவர் மெல்லச் சேர்த்தார். மனைவி. பேச்சை.

அங்கே வெகுநேரம் நின்றார். வெளியே இருட்டத் தொடங்கியது.

"கிகிமாசு," என்றார். கேட்கிறேன்.

லிஃப்ட் என் கால்மட்டத்துக்கு வந்து திறந்தது. அவர் வெளியே வரவில்லை. ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டார். ஏறினேன். கதவு சாத்திக்கொண்டது.

"எனக்கு ஒரு," என்று ஆரம்பித்தேன். என் வாக்கியம் நீளமானது. கல்யாணத்தன்று பந்தியில் பாதியில் நின்ற என் பேச்சும் அதில் இருக்கிறது. அவர் சொன்ன வினைச்சொல்லிலேயே லிஃப்ட் கீழே போகிறது. தரைத்தளம் தாண்டி நேரமாகிவிட்டது. என் வினைச்சொல் இன்னும் வரவில்லை. அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.